எழுப்பிப் பார்த்துவிட்டுப் போனவர்கள்

எங்கள் பக்கம் ஆஸ்பத்திரியில் கிடப்பவரைப் பார்க்கப் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. கையில் ரொட்டி பாக்கெட், ஆரஞ்சுப் பழம், குளுக்கோஸ் டப்பா. கட்டிலின் கால்மாட்டில் நின்று கொஞ்ச நேரம் உச்சுக்கொட்ட வேண்டும். பிறகு நோயாளியின் பாதத்தைப் பிடித்து ஆட்டி எழுப்ப வேண்டும். எழுப்பாமல் திரும்பினால் வந்ததாகக் கணக்கில்லை. கிடப்பவர் கண்ணைத் திறந்து, வந்தவர் முகத்தைப் பார்த்து, முறை சொல்லி முனக வேண்டும். அதற்குப் பிறகுதான் பழப் பையை மேசைமேல் வைப்பார்கள்.

போன வருஷம் தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, என் அம்மா விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில் கிடந்தாள். இந்த முறையை அப்போதுதான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இன்றைக்கும் ஆரஞ்சுத் தோலின் மணம் வந்தால் எனக்குக் குமட்டுகிறது.

அம்மா சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துவந்தவள். அட்டையை மடித்துப் பெட்டியாக்கி, வெடிகளை அடுக்கி, மூடி ஒட்ட வேண்டும். வருஷக்கணக்காக இருமல் இருந்தது. அந்த மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்து, மூச்சுவிட முடியாமல் உதடு நீலம் பாரித்துப் போனது. ஆஸ்பத்திரியில் முகத்தை அழுத்திப் பிடிக்கும் ஒரு மாஸ்க்கை மாட்டி, காற்றைத் தள்ளும் மெஷினோடு இணைத்தார்கள்.

நெஞ்சு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நிலைமையை விளக்கினார். நான் அச்சுத் தொழில்நுட்பம் படித்தவள். சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் தரக் கட்டுப்பாடு பார்க்கிறேன். விளக்கினால் புரிந்துகொள்வேன் என்று நினைத்தாரோ என்னவோ, மற்றவர்களிடம் சொல்லாததை என்னிடம் சொன்னார்.

"உங்க அம்மாவுக்குக் காத்து உள்ள போகுது. கெட்ட காத்து வெளிய வரமாட்டேங்குது, ரத்தத்துலயே தங்குது. இந்த மாஸ்க் போட்டுக்கிட்டு நல்லாத் தூங்குனாங்கன்னா மூச்சுத் தசைக்கு ரெஸ்ட் கிடைக்கும், தேறிருவாங்க."

"தூங்குறதுக்கு ஊசி போடலாமா சார்?"

"ஊசி போட்டா இருக்கிற மூச்சும் நின்னுரும். தானாத் தூங்கணும். தூக்கம் கெட்டா ஆள் குழம்பிப்போய் மாஸ்க்கப் பிடுங்கி எறிவாங்க. அப்புறம் தொண்டையில குழாய் போட்டு மதுரைக்கு அனுப்புறதுதான். இந்த நுரையீரலுக்குக் குழாய் போட்டா, திரும்ப எடுக்கிறது பெரிய பாடு."

ஆக, அம்மாவின் உயிர் ஒரு தூக்கத்தில் இருந்தது. மருந்துக் கடையில் கிடைக்காத ஒன்று.

அச்சகத்தில் ஒரு தாளில் பிழை வந்தால், காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவது என் வழக்கம். அம்மாவை எழுப்புகிறவற்றையும் அப்படியே வகை பிரித்தேன். நிறுத்த முடியாதவை: மெஷினின் உறுமல், கையைத் தானாகவே இறுக்கும் ரத்த அழுத்தப் பட்டை, பக்கத்துக் கட்டில்காரரின் இருமல். கேட்டால் நிறுத்தக்கூடியவை: விரலில் மாட்டிய கிளிப் நழுவும்போதெல்லாம் கத்தும் மானிட்டர், அம்மாவின் கண்ணுக்கு நேர் மேலே எரியும் டியூப்லைட், சக்கரம் தேய்ந்த டிராலி. மூன்றாவது வகைக்குத்தான் தலைப்பு வைக்க முடியவில்லை. செவிலியர் மேசையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு போனில் சத்தமாகச் சிரிப்பு வீடியோ பார்ப்பது. குப்பைக் கூடையைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போவது. கக்கூஸ் துடைத்த துணியையே வாளியில் முக்கி, அதே பினாயில் தண்ணீரால் கட்டிலுக்கு அடியில் துடைப்பது. அந்த நெடி மெஷினுக்குள் புகுந்து, மாஸ்க் வழியாக அம்மாவின் மூக்குக்கே போனது. அவள் ஓங்கரித்து எழுந்தாள்.

"கொஞ்ச நேரம் கழிச்சுத் துடைக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"சூப்ரவைசர் வந்து பாப்பாருல்ல? ஒங்கம்மா தூங்குறாகன்னு நா எங்கன போயி நிக்க?" என்றாள் துடைக்கிற அக்கா. அதுவும் நியாயம்தான். அதனால் வெறுப்பு குறையவில்லை.

அம்மாவை அங்கே ஒருவரும் அம்மா என்று சொல்லவில்லை. "ஏழாம் பெட்டு சளி கேஸ்" என்று அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கூவினார்கள். கூவும்போதெல்லாம் அம்மா, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்து கண்ணைத் திறந்தாள். ஐ.சி.யூ.வுக்குள் இரவு என்று ஒன்று இல்லை. விளக்கை அணைப்பதில்லை. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்ததால் பகலும் இல்லை.

கிளிப்பை நான் பிளாஸ்திரி போட்டு ஒட்டினேன். டியூப்லைட்டுக்கு அச்சகத்திலிருந்து காலண்டர் வேஸ்ட் ஷீட்டுகள் கொண்டு வந்தேன். நிறம் விலகி அச்சான கெட்டித் தாள்கள் அவை. இரண்டைச் சேர்த்துத் தலைமாட்டில் பந்தல் மாதிரி கட்டினேன். அம்மன் படம் அது. சிவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் நழுவி, அம்மனுக்கு நான்கு கண்கள் விழுந்திருந்தன. நிழல் நன்றாக விழுந்தது. அம்மா முதல்முறையாகச் சேர்ந்தாற்போலக் கொஞ்சம் தூங்கினாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கம்பெனி வேன் வந்தது.

அந்த ஐ.சி.யூ.வில் ஆள் பற்றாக்குறை. மாஸ்க்கைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் எப்போதும் உள்ளே இருக்க வேண்டும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். பார்க்க வருகிறவர்களும் ஒவ்வொருவராக வரலாம். உள்ளே வர மாட்டிக்கொள்ளும் பச்சை அங்கி ஒன்றுதான். முதலில் வந்தவள் வியர்வையோடு கழற்றிக் கொடுக்க, அடுத்தவள் அதையே மாட்டிக்கொண்டு வந்தாள். வேனில் வந்தவர்களில் மூத்தவள், அம்மாவோடு ஒரே ரூமில் பேக்கிங் பார்ப்பவள், எனக்குப் பெரியம்மா முறை. அவள் உள்ளே வந்ததும் மாஸ்க்கைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"என்னத்தா இது, பன்னி மூக்கு மாதிரி மாட்டி வச்சிருக்காக?"

"சத்தமாப் பேசாதீங்க பெரியம்மா. இப்பத்தான் கண் அசந்துச்சு."

"அசரட்டும், அசரட்டும். நா சும்மா மொகத்தப் பாத்துட்டுப் போறேன்." சொல்லும்போதே கை அம்மாவின் பாதத்துக்குப் போய்விட்டது. "ஏ, இவளே! இங்கன பாரு, யாரு வந்திருக்கான்னு பாரு!"

"எழுப்பாதீங்கன்னு சொல்றேன்ல."

"எளுப்பாம? லீவு நாள்ல ஆளுக்கு ஒரு சோலிய விட்டுட்டு வேன் பிடிச்சு வந்திருக்கோம். வந்தோம்னு அவளுக்குத் தெரிய வேணாமா? நாளைக்கு எந்திரிச்சு வந்து, நீ எட்டியே பாக்கலன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா, நீயா வந்து பதில் சொல்லுவ?"

அம்மா கண்ணைத் திறந்தாள். மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னாள். பெரியம்மாவுக்குத் திருப்தி. தலைக்கு மேலே பார்த்து, "மாரியாத்தா படம் வச்சிருக்கியா, நல்லது" என்று நான்கு கண் அம்மனைத் தொட்டுக் கும்பிட்டாள். இடுப்பிலிருந்து இருக்கன்குடி கோயில் விபூதியை எடுத்து, நான் தடுப்பதற்குள் நெற்றி நிறையப் பூசினாள். உதிர்ந்தது மாஸ்க் ஓரத்தில் விழுந்து உள்ளே போனது. அம்மா இருமினாள், உடம்பு கட்டிலிலிருந்து எழும்பி எழும்பி விழுந்தது. மானிட்டர் கத்தியது. செவிலியர் வந்து, அம்மாவைப் பார்க்காமலே பொத்தானை அமுக்கிவிட்டுப் போனாள்.

வேனில் வந்த அத்தனை பேரும் ஒவ்வொருவராக வந்து எழுப்பினார்கள். "படிச்ச பிள்ளைக இப்பிடித்தான்" என்று ஒருத்தி வாசலில் சொல்வது கேட்டது. "அவுக வீட்ல ஆளு கெடந்தா ஒருத்தரும் எட்டிப் பாக்கப்படாது." மேசையில் ஆரஞ்சுகள் உருண்டன. அம்மாவால் ஒரு சுளைகூடச் சாப்பிட முடியாது. அடியில் இருந்தவை அழுகி, பையில் தண்ணீர் கோத்துக்கொண்டு, சின்னப் பூச்சிகள் மொய்க்கத் தொடங்கின. தூக்கிப்போட்டால் கொடுத்தவர்கள் அடுத்த முறை கேட்பார்கள் என்று சித்தி வைத்திருந்தாள்.

சித்தி என்றால் அம்மாவின் தங்கை. அவளும் பட்டாசு கம்பெனிதான், வேறு ரூம். காலண்டர் ஆர்டர் நெருக்கியதால் எனக்கு முழு லீவு கிடைக்கவில்லை. பகலில் சித்தியும் ராத்திரியில் நானும் என்று பிரித்துக்கொண்டோம். தினமும் சாயங்காலம் நான் வந்ததும், "கண்ணே மூடலடி, பாவம்" என்பாள்.

தூக்கமில்லாததன் விளைவு அம்மாவின் கைகளில் தெரிந்தது. போர்வையை மடித்தாள். மடிப்பை நகத்தால் நீவினாள். காற்றில் எதையோ எடுத்து வரிசையாக அடுக்கினாள். பெட்டி செய்துகொண்டிருந்தாள். நடுவில் கை மாஸ்க்கில் பட்டால், அதையும் ஒரு மூடியாக நினைத்துப் பிடுங்கினாள். கையைக் கட்டிப்போடச் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு செல்போன் கடை திறந்தார்கள். வாசலில் நீளமாகச் சரவெடி. அப்போது நான் அச்சகத்துக்குக் கிளம்ப எழுந்து நின்றிருந்தேன். அம்மா விசுக்கென்று உட்கார்ந்து மாஸ்க்கைக் கழற்றி எறிந்தாள்.

"எந்த ரூமு? எந்த ரூமு வெடிச்சது? பிள்ளைக வெளிய வந்துட்டாகளா?"

"ரூம் இல்லம்மா. கடை திறக்கிறாங்க."

"பொய் சொல்லாத. எந்த ரூமுன்னு சொல்லு." கட்டிலைவிட்டு இறங்கப் பார்த்தாள். உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. மூன்று பேர் சேர்ந்து படுக்கவைத்து மாஸ்க்கை மாட்டினோம்.

வெளியே கூடத்தில் காத்திருந்தவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடியிருந்தார்கள். புகை எந்தத் திசையில் என்று பார்க்க ஓடியிருக்கிறார்கள். சரவெடிதான் என்று தெரிந்ததும் ஒருவர் சிரித்தார். "சத்தம் சுத்தமா இருக்கு பாத்தீகளா? நம்ம ஏரியாச் சரக்குதான்." எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூடத்தில் பாதிப் பேர் தீக்காயம் பட்டவர்களுக்காகக் காத்திருப்பவர்கள்.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "கெட்ட காத்து ஏறிக்கிட்டே போகுது. நாளைக் காலைல ஒரு தடவை பாப்போம். குறையலன்னா குழாய்தான். மதுரைக்குச் சொல்லி வச்சிருங்க" என்றார்.

அச்சகத்துக்குப் போனேன். மெஷினில் ஓடும் தாளைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மத்தியானமே கிளம்பி வந்துவிட்டேன். ஐ.சி.யூ. கதவில் வட்டக் கண்ணாடி ஒன்று உண்டு. செருப்பைக் கழற்றிக்கொண்டே அதன் வழியாகப் பார்த்தேன்.

அம்மாவின் இமைகள் மெல்ல இறங்கின. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பெட்டி மடித்த கைகள் நின்றன. சித்தி குனிந்து, அம்மாவின் காதுமடலை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள். ஈரத் துண்டால் கன்னத்தில் தட்டினாள். அம்மா கண்ணைத் திறந்தாள். ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. கைகள் மறுபடியும் மடிக்கத் தொடங்கின. சித்தி நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விட்டாள். கொஞ்ச நேரத்தில் இமைகள் மறுபடி இறங்கின. சித்தி மறுபடி குனிந்தாள்.

இத்தனை நாளும் மானிட்டரையும் டியூப்லைட்டையும் டிராலியையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு போய்ச் சித்தியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியை அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

"என்ன செய்றீங்க சித்தி?"

"என்னத்தச் செஞ்சேன்? கண்ணு சொருகுதுடி அவளுக்கு."

"சொருகல. தூங்குது. தூங்கச் சொல்லித்தான் டாக்டர் கெஞ்சுறாரு."

"தூங்கவிட்டாப் போயிருவா." அவள் குரல் உயரவில்லை. "கூட்டியாந்த அன்னைக்கு, கீழ எமர்ஜென்சியில சிஸ்டரு சொன்னாகளா இல்லையா? பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க, கண்ண மூட விடாதீகன்னு? அதான் இன்னைய வரைக்கும் விடாமப் பாத்துக்கிட்டிருக்கேன்."

சொல்லித்தான் இருந்தார்கள். மெஷின் மாட்டுவதற்கு முன் சொன்னது. அச்சகத்தில் ஒரு லோடை நிறுத்திவைக்கச் சீட்டு ஒட்டினால், ஒட்டியவரே வந்து கிழிக்க வேண்டும். இங்கே ஒட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. மாடியில் ஐ.சி.யூ.வில் இருந்தவர்களுக்குக் கீழே என்ன சொன்னார்கள் என்று தெரியாது.

"அது மாஸ்க் போடுறதுக்கு முன்னாடி சொன்னது சித்தி. அதையா பிடிச்சுக்கிட்டு காதைத் திருகுறீங்க?"

சித்தி சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

"ஒனக்கு வெந்தவுகளோட வேன்ல போயிப் பழக்கமில்ல. எங்க ரூமு தீப்பிடிச்ச அன்னைக்கு, எம்மடியிலதான் ஒரு பிள்ளையப் படுக்க வச்சாக. தோலு எங் கையோட வந்துச்சு. பேசிக்கிட்டேதான் வந்தா. யக்கா, தூக்கமா வருதுக்கான்னா. செத்த தூங்கு தாயின்னு நாந்தான் சொன்னேன். சாத்தூரு தாண்டல." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "இப்ப எவ கண்ண மூடுனாலும் எங் கை சும்மா இருக்காதுடி. நீ என்னய வைய்யி, அடி. என்னால முடியாது."

எனக்கு அருவருப்பு போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது இடம் மாறியது. பெரியம்மா, வேனில் வந்த மற்றவர்கள், பாதத்தைப் பிடித்து ஆட்டிய அத்தனை பேரும் என்றைக்காவது அந்த மாதிரி ஒரு வேனில் போனவர்கள்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. காலைக்குள் அம்மா தூங்கியாக வேண்டும்.

சித்தியை உள்ளே வைக்க முடியாது. வீட்டுக்கு அனுப்பினாலும் போகமாட்டாள். கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். அங்கிருந்து வட்டக் கண்ணாடி வழியாக மானிட்டர் தெரியும். கட்டிலின் கம்பி மறைப்பதால் அம்மாவின் முகம் தெரியாது.

"அந்த மஞ்சள் கோடு தெரியுதா? ஏறி எறங்குதுல்ல? ஏறி எறங்குற வரைக்கும் மூச்சு இருக்கு. மூஞ்சியப் பாக்காதீங்க. கோட்டை மட்டும் பாருங்க."

"நின்னுட்டா?"

"நின்னா உள்ள வந்து காதைப் பிச்சே எடுங்க. ஏன்னு கேக்கமாட்டேன்."

நான் உள்ளே போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். நான்கு கண் அம்மனின் நிழலில் இமைகள் இறங்கின. இந்த முறை ஒருவரும் குனியவில்லை. விரல்கள் என் உள்ளங்கையில் ஒரு மடிப்பை நீவி, பாதியில் நின்றன. வாய் லேசாகத் திறந்துகொண்டது. மெஷின் தள்ளும் காற்றுக்கு நெஞ்சு ஒழுங்காக ஏறி இறங்கியது. எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் சித்தியின் நெற்றி ஒட்டிக்கொண்டிருந்தது. உதடுகள் கோட்டோடு சேர்ந்து அசைந்தன.

சாயங்காலம் அம்மாவின் மாமன் ஒருவர் ஆலங்குளத்திலிருந்து பழப்பையோடு வந்தார். கதவுக்கு வெளியே நடந்த பேச்சு எனக்குக் கேட்டது.

"நவுரு தாயி. ஒரு நிமிசம் எளுப்பிப் பாத்துட்டு வந்திருதேன்."

"எதுக்கு மாமா? அவளுக்கு இருக்கிற மூச்சுமுட்டு பத்தாதா? ஒங்க மீசைய வேற பாக்கணுமா?"

"அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்கேன்த்தா. வந்தேன்னு தெரிய வேணாமா?"

"தண்டோராப் போட்டுச் சொல்லுதேன். பளத்த அங்கன வச்சுட்டு, அலுங்காமப் போங்க. மறைக்காதீக, கோடு தெரியல."

பினாயில் வாளியோடு வந்த அக்காவுக்கும் அதே கதிதான். சக்கரம் தேய்ந்த டிராலியைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம், தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். யாரோ திட்டினார்கள், சித்தி அதைவிடக் கெட்ட வார்த்தையை ரகசியக் குரலில் சொன்னாள். அம்மா தூங்கினாள். இடையில் விழித்துத் தண்ணீர் கேட்டாள், மறுபடி தூங்கினாள்.

மறுநாள் காலை ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் தாளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "நல்லாக் குறைஞ்சிருக்கே! குழாய் வேண்டாம். புது ஆன்டிபயாடிக் வேலை செய்யுது" என்றார். அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் எதையும் விளக்கும் தெம்பு எனக்கு மீதமில்லை.

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். வேலைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கோடையில், அவளோடு வேலை பார்த்த ஒருத்தியைச் சிறுநீரகம் கெட்டுப்போய்ச் சிவகாசியில் சேர்த்திருந்தார்கள். பார்க்கப் போயே தீருவேன் என்று அம்மா அடம்பிடித்ததால் நானும் சித்தியும் துணைக்குப் போனோம். வழியில் நிறுத்தி ஆரஞ்சு வாங்கினாள். படியேறும்போது சொன்னேன்:

"தூங்கிக்கிட்டிருந்தா எழுப்பாதம்மா."

"சரிடி."

அந்தப் பெண் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். முகம் வீங்கி, கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கன்றியிருந்தது. அம்மா கால்மாட்டில் நின்று உச்சுக்கொட்டினாள். பிறகு கை நீண்டது.

"அம்மா!"

"சும்மா இருடி. ஒனக்கு என்ன தெரியும்? நா அங்கன கெடந்தப்ப தூங்குனது எனக்கு ஞாபகமே இல்ல. யாரு யாரு வந்தாகன்னு ஒவ்வொரு மொகமும் ஞாபகம் இருக்கு. எங்க ஆலங்குளத்து மாமாதான் வரவே இல்ல."

பாதத்தைப் பிடித்து ஆட்டினாள். "ஏ, இவளே! இங்கன பாரு."

அந்தப் பெண் திடுக்கிட்டு விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் கண்கள் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அம்மாவின் முகத்தில் நின்றன. "யக்கா, வந்துட்டியா" என்றாள். அம்மா பழப்பையை மேசைமேல் வைத்தாள். அங்கே ஏற்கெனவே நான்கு பைகள் இருந்தன. கீழ்ப்பையிலிருந்து தண்ணீர் கசிந்திருந்தது.

நான் வெளியே வந்தேன். சித்தி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வார்டுக்குள் அவள் வருவதில்லை.

"தூங்குறாளா?" என்று கேட்டாள்.

"இல்ல. அம்மா எழுப்பிருச்சு."

"அப்பாடா" என்றாள் சித்தி. மடியிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துத் தோலை உரித்து, ஒரு சுளையை என் பக்கம் நீட்டினாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.